சித்தியின் ஒன்பது மணி

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்களுக்கு ஞாயிறு மாலை 6 மணி என்றால் லண்டனில் அக்காவுக்குப் பிற்பகல் 2, டொராண்டோவில் சித்திக்குக் காலை 9. அவர்களுடைய குளிர்காலம் முழுக்க இப்படித்தான் பேசுவோம்.

2025 மார்ச் 9 அன்று நான் வழக்கம்போல 6 மணிக்கு அழைத்தேன். சித்தி ஒரு மணி நேரமாகக் காத்திருந்தாராம். கையிலிருந்த டம்ளரில் காபி ஆறி, ஆடை படிந்திருந்தது. எனக்கு மனசே கேட்கவில்லை.

டொராண்டோவில் அன்றுதான் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருந்தார்கள். பிரிட்டனில் மார்ச் 30 அன்றுதான் மாற்றினார்கள். இடையில் மூன்று வாரம் மூன்று வீட்டுக் கணக்கும் ஒத்துப்போகாது. மொரீஷியஸில் இந்த வழக்கம் இல்லை. 2008 அக்டோபரில் தொடங்கி ஒரு கோடைக்கு மட்டும் செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அதனால் மாற்றம் நம் கண்ணில் படுவதே இல்லை.

சரி, என்ன செய்தேன்? போன் காலண்டரில் அந்த அழைப்பைத் திறந்து, நேர மண்டலத்தை மொரீஷியஸிலிருந்து டொராண்டோவுக்கு மாற்றினேன். நேரம் காலை 9, வாராவாரம். அவ்வளவுதான். இப்போது டொராண்டோவின் கோடையில் எனக்கு 5 மணிக்கே மணி அடிக்கிறது. அக்காவுக்கு மார்ச்சில் அந்த இடைப்பட்ட வாரங்களிலும், பிரிட்டன் முந்திக்கொண்டு கடிகாரத்தைத் திருப்பும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் மட்டும் பிற்பகல் 1. நாங்கள் இருவரும் நகர்ந்துகொள்கிறோம், சித்தியின் ஒன்பது மணி அப்படியே இருக்கிறது.