சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும் பழைய நிண்டெண்டோவைச் சரிசெய்வது எப்படி?

நிண்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம் என்ற சாம்பல் நிற வீடியோ கேம் பெட்டி இன்று யார் கைக்குக் கிடைத்தாலும் பெரும்பாலும் ஒரே குறையோடுதான் கிடைக்கிறது. பவர் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு நொடிக்கு ஒரு முறை எரிந்து அணைகிறது; திரையும் அதே கணக்கில் வெறும் நிறமாகத் தோன்றி மறைகிறது. இதைக் கண்டு கருவி பழுதாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம், ஏனெனில் இந்தக் குறையின் காரணம் பெரும்பாலும் உள்ளிருக்கும் செயலியில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதை அறிய, கருவி பிறந்த கதையைத் தெரிந்துகொள்வது அவசியம்.

இதன் மூலவடிவமான ஃபேமிகாம், மசாயுகி உயெமுராவின் வடிவமைப்பில் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென் விலைக்கு வந்தது. அதில் விளையாட்டு அடங்கிய கேசட்டை மேலிருந்து நேராகச் செருகினால் போதும். அதே ஆண்டில் அமெரிக்காவில் தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் குவிந்து வீடியோ கேம் சந்தையே சரிந்துவிட்டதால், வீடியோ கேம் என்ற பெயரைக் கேட்டாலே கடைக்காரர்கள் ஒதுங்கினார்கள். ஆகவே 1985-இல் அங்கே அறிமுகமான பெட்டி வி.சி.ஆர். போலத் தெரியும்படி வடிவமைக்கப்பட்டது. முன்கதவைத் திறந்து கேசட்டை உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்த வேண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்கி வளைந்து வளைந்தே உள்ளிருக்கும் 72 முனை இணைப்பான் காலப்போக்கில் தளர்ந்துவிடுகிறது.

இன்னொரு முடிவும் அப்போதே எடுக்கப்பட்டது. அனுமதியற்ற விளையாட்டுகளைத் தடுக்கக் கருவிக்குள் ஒரு பூட்டுச் சில்லும் ஒவ்வொரு கேசட்டுக்குள் அதற்கு இணையான சாவிச் சில்லும் வைக்கப்பட்டன. இரண்டும் இடைவிடாமல் சமிக்ஞை பரிமாறிக்கொள்ளும். பரிமாற்றம் பிசகினால் பூட்டு நொடிக்கொரு முறை கருவியை மறுதொடக்கம் செய்துகொண்டே இருக்கும். (அடாரி கேம்ஸ் நிறுவனம் இந்தப் பூட்டின் நிரலை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்தே பொய்க்காரணம் சொல்லிப் பெற்றது, அது தொடர்பான வழக்கில் 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிண்டெண்டோவின் பக்கமே நின்றது.) ஆக, விளக்கு விட்டு விட்டு எரிவதன் பொருள், பூட்டுக்குச் சாவியின் பதில் சரியாக வந்து சேரவில்லை என்பதுதான். நாம் சரிசெய்ய வேண்டியது அந்தத் தொடர்பை.

முதலில் மின்சாரத்தைக் கவனியுங்கள். அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது என்பதால் நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கருகிவிடும். மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் தேவை. அந்த அடாப்டர் வெளியிடுவது 9 வோல்ட் மாறுதிசை மின்சாரம். ஆகவே நேர்மின்சாரம் மட்டுமே ஏற்கும் ஃபேமிகாம் போன்ற கருவிகளில் அதை மறந்தும் செருகக் கூடாது.

அடுத்தது கேசட். வாயால் ஊதும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள்; மூச்சின் ஈரம் கேசட்டின் விளிம்பிலுள்ள உலோகத் தொடர்புத் தகடுகளை அரிக்கும் என்று நிண்டெண்டோவே எச்சரித்திருக்கிறது. ஊதியபின் சில சமயம் விளையாட்டு ஓடுவதற்கு, வெளியே எடுத்து மீண்டும் செருகியதே போதுமான காரணம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, தகடுகளின் இருபுறமும், பஞ்சில் கறுப்பு ஒட்டாத வரை துடையுங்கள். கேசட்டின் பின்புற ஒட்டுத்தாளில் ஆல்கஹால் கூடாது என்று அச்சிட்டிருக்கும். ஆகவே தகடுகளைத் தவிர வேறெங்கும் அது படாமல் பார்த்துக்கொண்டு, நன்றாக உலர்ந்தபிறகே செருகுங்கள்.

இதிலும் தீராவிட்டால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். அடிப்பகுதியிலுள்ள ஆறு திருகுகளைக் கழற்றி மேல்மூடியையும், அதன் கீழுள்ள உலோகக் கவசத்தையும் எடுங்கள். கேசட் தட்டின் திருகுகளில் சில நீளமானவை என்பதால் எது எங்கிருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. தட்டை முன்பக்கமாக இழுத்து எடுத்ததும் சர்க்யூட் பலகையின் விளிம்பைக் கவ்விய கறுப்பு இணைப்பான் தெரியும். அதை இரு முனைகளிலும் சமமாகப் பிடித்து நேராக இழுங்கள். சாய்த்து இழுத்தால் முனைகள் வளையும். அதைக் கொதிநீரில் சில நிமிடங்கள் போட்டு எடுத்தால் பல ஆண்டுப் படிவு இளகும். பலகையின் விளிம்பையும் ஆல்கஹாலால் துடையுங்கள். இணைப்பான் ஒரு நாள் முழுவதும் காய்ந்தபின், மீண்டும் பொருத்தி, பழைய கேசட் ஒன்றைப் பல முறை செருகி எடுங்கள். புதிய மாற்று இணைப்பான்கள் இணையத்தில் மலிவாகக் கிடைத்தாலும் நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் பல, கேசட்டை வெளியே எடுக்கவே முடியாதபடி இறுக்கிப் பிடித்துத் தகடுகளைத் தேய்க்கின்றன. மூல இணைப்பானைக் காப்பாற்ற முடியும்வரை காப்பாற்றுவதே சரி.

கடைசி வழி பூட்டையே முடக்குவது. அமெரிக்கக் கருவியில் 3193A என்று பொறித்த சில்லின் நான்காவது காலை வெட்டிவிட்டால் மறுதொடக்கம் நின்றுவிடும்; பிற பிராந்தியக் கேசட்டுகளையும் பூட்டு தடுக்காது. ஆனால் தொடர்பு அழுக்காகவே இருந்தால் திரையில் குழப்பமான படம்தான் வரும் என்பதால் சுத்தம் செய்வதற்கு இது மாற்று ஆகாது. 1993-இல் வந்த மேல்வழிச் செருகும் மாதிரியில் நிண்டெண்டோவே இந்தப் பூட்டை நீக்கிவிட்டது. 90-களில் நம்மூரில் விற்ற, ஃபேமிகாமின் நகல்களான டிவி கேம் பெட்டிகளிலும் பூட்டு இல்லாததால் அவற்றில் இந்தச் சிக்கலே எழுவதில்லை.

‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ போன்ற கேசட்டுகள் ஆட்டத்தைச் சேமிக்காவிட்டால் உள்ளே பற்றவைத்திருக்கும் 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். 3.8 மி.மீ. சிறப்புத் திருப்புளியால் கேசட்டைத் திறந்து, கூட்டல், கழித்தல் முனைகளைக் குறித்துக்கொண்டு, தகடு பற்றவைத்த சிஆர்2032 பேட்டரியைப் பொருத்துங்கள். சேமித்தபின் அணைக்கும்போது ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவரை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சேமித்தது அழிந்துபோக வாய்ப்புண்டு.