வால்வு ஆராய்ச்சியில் சேரச் சொன்னால், கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்

எங்கள் அத்தைக்குச் சின்ன வயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சல் (ருமாட்டிக் காய்ச்சல்) இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. எட்டு வருடமாகக் குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு எக்கோ என்கிற இதய ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் நான்தான் கூட்டிப் போகிறேன். போன வருடம் ஓ.பி.யில் டாக்டர், "ஒரு ஆராய்ச்சி நடக்குது, சேர்றீங்களாம்மா?" என்றார். அவர் முடிப்பதற்குள் அத்தை பேனாவை வாங்கிவிட்டார், டாக்டர் கேட்டு எப்படி மறுப்பது என்ற மரியாதை. நான் ஒரு வாரம் டைம் கேட்டேன். நீங்களும் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

முதலில் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். லாட்ஜ் போர்டை வங்காள மொழியில்கூட எழுதி வைக்கிற ஊர் வேலூர், தமிழில் கேட்க என்ன கூச்சம்?

அப்புறம், எனக்கு எந்த மருந்து என்று யார் முடிவு செய்வார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டர்தான், குலுக்கல் போல. புது மருந்து விழுந்தால் அதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள். 2022-ல் இன்விக்டஸ் ஆய்வின் முடிவு வந்தது. ருமாட்டிக் வால்வு நோயோடு துடிப்பும் தாறுமாறாக இருந்த 4,500-க்கும் மேற்பட்டவர்கள், 24 நாடுகள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரைகள்தான் விஷயம். அடிக்கடி ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற பரிசோதனை) பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரை ரிவராக்சபானை, வார்ஃபரின், அசிட்ரோம் வகைப் பழைய மாத்திரைகளோடு ஒப்பிட்டார்கள். பழைய மாத்திரை எடுத்தவர்களிடம்தான் இறப்பு குறைவாக இருந்தது! ஆராய்ச்சி செய்யாமல் இதைத் தெரிந்துகொண்டிருக்கவே முடியாது. அதனால் ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

"என்னைப் போன்ற நோயாளிகளையா சேர்க்கிறீர்கள்?" என்பதையும் விடாமல் கேளுங்கள். ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் நின்றுவிட்டது என்றில்லை, பம்ப் செய்வது உடம்பின் தேவைக்குப் போதவில்லை என்றுதான் அர்த்தம். அப்படி இதயம் விரிந்து வால்வு கசிகிறவர்களுக்கு, கசிவைக் குறைக்க வால்வின் இதழ்களைச் சேர்த்துப் பிடிக்கிற கிளிப் போட்டுப் பார்த்த இரண்டு ஆய்வுகள் 2018-ல் வந்தன. அமெரிக்கா, கனடாவில் 614 பேரிடம் நல்ல பலன், பிரான்ஸில் 304 பேரிடம் பலனே தெரியவில்லை. இரண்டிலும் கிளிப் ஒரே மாதிரிதான், தேர்ந்தெடுத்த நோயாளிகள் வேறு என்பதுதான் பலரும் சொல்கிற காரணம்.

சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவில் நடக்கிற மருத்துவ ஆராய்ச்சிகளின் பதிவேடு) பதிவு எண் படிவத்தில் இருக்கிறதா பாருங்கள், 2009-லிருந்து அது கட்டாயம். புது மருந்துச் சோதனையால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019 விதிகள் சொல்கின்றன, அதைப் படிவத்தில் தேடிப் படியுங்கள். பஸ் காசு யார் தருவது, எத்தனை தடவை வர வேண்டும், எல்லாம் கேளுங்கள். மூட்டுவலிக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுகிறவர்கள் அதை நிறுத்த வேண்டியிருக்குமா என்று தனியாகக் கேளுங்கள். கர்ப்பமாக இருந்தால், அல்லது அந்த யோசனை இருந்தால், வாய் திறந்து சொல்லிவிடுங்கள், வார்ஃபரின் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம்.

அத்தை கடைசியில் சேரவில்லை, அத்தனை தடவை பஸ் ஏற முடியாது என்றார். டாக்டர் "பரவாயில்லைம்மா" என்று சொல்லி, எப்போதும் தரும் மாத்திரையையே எழுதிக் கொடுத்து, அடுத்த ஐ.என்.ஆர். தேதியைச் சீட்டில் குறித்தார்.