மலைச் சைக்கிள்: ஓட்டும்போது தப்பியது கழுவும்போது கெடுகிறது

ஞாயிறு காலை பத்து மணிக்கு சிங்கப்பூரின் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவின் நுழைவில் பத்து நிமிடம் நின்றால், யார் எவ்வளவு காலமாக ஓட்டுகிறார்கள் என்பதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத சைக்கிளின் பிரேக் பிடிக்கும்போது கப்பல் சங்கு ஊதும். ஓட்டுபவர் நெளிந்தபடி, "நேத்துதான் நல்லா கழுவி எண்ணெய் போட்டேன்" என்பார். கோளாறே அங்கேதான்.

தலைக்கவசம், தண்ணீர், கையுறை பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் ஒரு காலத்தில் செய்து, இன்று புதியவர்கள் வரிசையாகச் செய்வதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் தவறுகள் மட்டும் இவை.

மழை விட்டதும் கிளம்புவது

புக்கிட் தீமாவின் உச்சி 163 மீட்டர்தான். மலை என்று சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார். இங்கே ஆளைத் தள்ளுவது உயரமல்ல, மண்ணும் வேரும். கருங்கல் மக்கி உருவான களிமண் அது. வெயிலில் செங்கல், மழையில் சவர்க்காரம். ஈரமாக இருக்கும்போது டயர் போட்ட தடம் அப்படியே காய்ந்து வாய்க்காலாகும். அடுத்த மழை அந்த வாய்க்காலிலேயே ஓடி மண்ணை அரிக்கும், வேர்கள் வெளியே வரும். பலத்த மழைக்குப் பிறகு பாதையை மூடி வைப்பது இதற்காகத்தான். தடுப்பைச் சுற்றி நுழைந்து போகிறவர்கள் பாதையை எல்லோருக்கும் சேர்த்துக் கெடுக்கிறார்கள்.

சோதனை எளிது. நுழைவுக்கு அருகே மண்ணில் குதிகாலை அழுத்துங்கள். பள்ளத்தில் நீர் ஊறினாலோ, காலணியில் மண் அப்பிக்கொண்டாலோ வீட்டுக்குத் திரும்பலாம். காட்டுக்குள் வெயில் இறங்காது. அடுக்குமாடி புளோக் கீழே தரை காய்ந்துவிட்டதே என்று கணக்குப் போடாதீர்கள். பெருமழை என்றால் முழுதாக ஒரு நாள் விடுவது நல்லது.

வழியில் குட்டை வந்தால் ஓரமாக ஒதுங்கிப் போகக் கூடாது. நடுவே மெதுவாகப் போங்கள், முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். ஒதுங்கிப் போகப் போக ஒரு முழப் பாதை மூன்று முழமாகிவிடும். ஈர வேரைக் குறுக்கே, கூடுமானவரை செங்கோணமாக, பிரேக்கை விட்டுவிட்டுக் கடக்க வேண்டும். சாய்வாக ஏறினால் முன்சக்கரம் வேரோடு வழுக்கிக்கொண்டு போய்விடும்.

டயரில் அச்சடித்த எண் வரை காற்றடிப்பது

பக்கச்சுவரில் இருக்கும் எண் உச்சவரம்பு. அது ஓட்ட வேண்டிய அளவல்ல. 70 கிலோ எடை உள்ளவர், 2.3 அங்குல டயர், உள்ளே டியூப் என்றால் முன்னால் 24 முதல் 26 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின்னால் 26 முதல் 28. டியூப்லெஸ் என்றால் இதில் மூன்று, நான்கு குறைக்கலாம். 45 அடித்துக்கொண்டு வருபவர் ஒவ்வொரு வேரிலும் பந்து போலத் துள்ளுவார், பிறகு முன் சஸ்பென்ஷன் சரியில்லை என்பார். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் அடைப்பான் திரவம் நம் வெக்கையில் இரண்டு, மூன்று மாதத்தில் காய்ந்து ரப்பர் உருண்டையாகிவிடும். டயரைக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்கவில்லை என்றால் மறுபடி ஊற்றும் நேரம்.

பீச்சும் குழாயில் கழுவி, ஸ்பிரேயில் எண்ணெய் அடிப்பது

மற்ற தவறுகளைப் பொறுத்துக்கொள்ளலாம். இது அப்படியில்லை. ஓட்டி முடித்ததும் சைக்கிள் முழுக்கச் செம்மண். நேராகக் காரோடு கழுவுமிடத்துக்குப் போய், கார் சக்கரத்துக்கு அடிக்கும் அதே வேகத்தில் சைக்கிளுக்கும் தண்ணீர். பார்க்கப் பளபளவென்று ஆகிவிடும். உள்ளே நடப்பது வேறு.

சைக்கிளின் பேரிங்குகளை மூடியிருக்கும் ரப்பர் வளையம் தூசியையும் சாதாரணத் தெறிப்பையும் தடுக்கத்தான். அழுத்தத் தண்ணீர் அதன் உதட்டை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். போன தண்ணீர் கிரீஸோடு கலந்து பால் போல ஆகும். வறண்ட ஊரில் அது கொஞ்சமாவது உலரும். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 82 விழுக்காடு. இங்கே உலராது, உள்ளேயே துருப்பிடிக்கும். முதலில் போவது ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள ஹெட்செட்டின் அடி பேரிங். அடுத்து பெடல் அச்சு, பின்சக்கர ஹப் (சக்கரத்தின் நடு உருளை). பின் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் என்றால் அதன் மூட்டு பேரிங்குகளும் சேரும். இவற்றைக் கழற்றி அழுத்திப் பொருத்தத் தனிக் கருவி வேண்டும் என்பதால் கடையில் கூலியே தனிக் கணக்காகிவிடும்.

முன்பே கண்டுபிடிக்க வழி உண்டு. சங்கிலியைக் கழற்றிவிட்டுப் பெடல் கையை விரலால் சுற்றுங்கள். மணல் நெறிபடுவதுபோல் உணர்ந்தால் தண்ணீர் போய்விட்டது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டும்போது கழுத்தில் 'டக்' என்றால், ஹெட்செட்டை உடனே பார்க்க வேண்டும்.

இது பாதிக் கதை. கழுவி முடித்ததும் சங்கிலி துருப்பிடிக்குமே என்று ஸ்பிரே டப்பாவை எடுத்துப் பின்பக்கம் ஒரு வீச்சு. சங்கிலி வலப்பக்கம், பிரேக் ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடு) இடப்பக்கம், எப்படிப் படும் என்ற நினைப்பு. ஸ்பிரே புகை மாதிரி. ஸ்போக் இடைவெளியில் புகுந்து மறுபக்கம் போய் ரோட்டரில் பனிபோல் படியும். கண்ணுக்குத் தெரியாது. அடுத்த முறை பிரேக் பிடித்ததும், ரோட்டரை அழுத்திப் பிடிக்கும் பேட் அதை உறிஞ்சிக்கொள்ளும். பேட் நுண்துளை உள்ள பொருள். எண்ணெய் உள்ளே இறங்கி, சூட்டில் மேற்பரப்பு கண்ணாடிபோல் மினுமினுக்கும். பிறகு சங்கு ஊதும், பிடிமானம் பாதியாகும். இறக்கத்தில் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி தன் பாட்டுக்குப் போகும்.

இதற்கு இணையத்தில் கிடைக்கும் வைத்தியங்களும் எரிச்சல்தான். உப்புத்தாளில் தேய்த்தால் மினுமினுப்பு போகும், ஆழத்தில் உள்ள எண்ணெய் அடுத்த இறக்கத்தில் மேலே வரும். பேட்டைக் கேஸ் அடுப்பில் வாட்டுவது அதைவிட மோசம். பேட்டை உலோகத் தகட்டோடு ஒட்டியிருக்கும் பசை கெட்டுப்போய், ஓடும்போதே பிய்ந்து விழலாம். எண்ணெய் குடித்த பேட்டைக் குப்பையில் போடுங்கள். ரோட்டர் எஃகு, உறிஞ்சாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்து, துணியை மாற்றி மாற்றி, கறுப்பு வராத வரை துடைத்தால் தப்பிக்கும். முன்னும் பின்னும் பேட், ரோட்டர் எல்லாமே மாற்ற வேண்டி வந்தால் நூறு வெள்ளிக்கு மேல் போய்விடும். அத்தனையும் ஒரு வீச்சு எண்ணெய்க்கு.

புது பேட்டைப் போட்ட கையோடு காட்டுக்குள் போகாதீர்கள். ஆளில்லாத சமதரையில் 20 கிலோமீட்டர் வேகம் எடுத்து, நடக்கும் வேகம் வரை சீராகக் குறைத்து, முழுதாக நிற்காமல் மறுபடி வேகம் எடுங்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் பத்து, பதினைந்து தடவை. அப்போதுதான் பேட்டின் மெல்லிய படலம் ரோட்டரில் சமமாகப் படியும்.

இனிக் கழுவும் முறை. மண் ஈரமாக இருக்கும்போதே குச்சியால் பெரிய கட்டிகளை நுழைவிலேயே தட்டிவிடுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் குளியலறைக்குப் போதுமானது செடிக்குத் தண்ணீர் அடிக்கும் இரண்டு லிட்டர் கைப்பம்பு ஸ்பிரேயர். மேலிருந்து கீழாக, பேரிங் பக்கம் நேராகப் பீச்சாமல். இரண்டு தூரிகை வேண்டும்: ஒன்று சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் மட்டும், மற்றது மீதி எல்லாவற்றுக்கும். ஸ்பிரேயே பயன்படுத்தாதவர்களின் பிரேக்கும் கெடுவதற்குக் காரணம், சங்கிலி தேய்த்த தூரிகையை ரோட்டரில் போடுவதுதான். ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். பிறகு சைக்கிளை ஒரு சாண் தூக்கி இரண்டு முறை தரையில் தட்டினால், மறைந்திருக்கும் தண்ணீர் உதிரும். துணியால் துடைத்து, மின்விசிறிக்கு முன்னால் நிறுத்துங்கள்.

எண்ணெய், மூக்குள்ள புட்டியில். சங்கிலியின் கீழ்ப்பகுதியில், உள்பக்க உருளை ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு. முழுச் சங்கிலிக்கும் ஒரு தேக்கரண்டி அளவுதான் வரும். பத்து நிமிடம் விட்டு, வெளியே உள்ளதை எல்லாம் துடைத்தெடுங்கள். உருளைக்கு உள்ளே இருக்கும் எண்ணெய்தான் வேலை செய்யும். வெளியே மினுங்குவது நம் களிமண்ணைப் பிடித்துவைத்து அரைப்புக் கூழாக்கும். சங்கிலித் தேய்மானத்தை அளக்கும் அளவுகோலில் 11, 12 வேக கியருக்கு 0.5 தொட்டதும் சங்கிலியை மாற்றிவிடுங்கள். தாமதித்தால் சங்கிலியோடு பல்சக்கரத் தொகுதியும் போகும். அது சங்கிலியைவிடப் பல மடங்கு விலை.

பிரேக் எண்ணெயில் கலப்படம்

மினரல் எண்ணெய் பிரேக்கில், கார் பிரேக்குக்கு ஊற்றும் வகையான டாட் (DOT) திரவம் ஊற்றாதீர்கள். ரப்பர் ஊதி, மொத்த பிரேக்கும் போகும். மூடியில் எழுதியிருக்கும், படியுங்கள்.

எந்தக் கையில் முன் பிரேக்

கடைக்குக் கடை மாறும். இறங்குவதற்கு முன் பிடித்துப் பாருங்கள்.

உபின் வாடகைச் சைக்கிளோடு கெத்தாமுக்குள் நுழைவது

புலாவ் உபின் தீவின் படகுத்துறையில் வாடகைக்குக் கிடைக்கும் சைக்கிள்கள் தார்ச் சாலைக்கும் செம்மண் சாலைக்கும் நல்லவை. கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா வேறு விஷயம். 2008இல் திறந்த அந்தப் பூங்காவில், பழைய கல்குவாரி ஏரியைச் சுற்றிப் பாதை இருக்கிறது. பாதைப் பலகையில் நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் வந்தால் உங்களுக்குத் திறமை இருக்க வேண்டும். முன்கூடையில் இளநீரை வைத்துக்கொண்டு கறுப்பு வைரத்தில் இறங்குபவர்களை வாரம்தோறும் பார்க்கலாம். பலகையில் எந்தக் குறி என்று நின்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் முதல் சுற்றில் இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்து பாருங்கள். இறக்கத்துக்கு முன் இருக்கையைத் தாழ்த்துங்கள். உயர்ந்த இருக்கை பின்னால் நகர விடாமல் உங்களை ஹேண்டில்பாருக்கு மேலே தள்ளும்.

சாங்கி பாயிண்ட்டிலிருந்து உபினுக்குப் போகும் பம்போட் (சிறு மோட்டார் படகு) 12 பேர் சேர்ந்ததும்தான் கிளம்பும், சைக்கிளுக்குத் தனிக் கட்டணம், ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டும்வரை சுற்றிவிட்டுப் படகு தேடி அலையாதீர்கள்.

குரங்கு முன்னால் பிளாஸ்டிக் பை

சரசரப்பு கேட்டால் சாப்பாடு என்று அதற்குத் தெரியும். பைக்குள் இருப்பது மாற்று டியூப்பாக இருந்தாலும் பறிக்கும். ஜிப் உள்ள முதுகுப்பை போதும்.

இடி கேட்டும் "இன்னொரு சுற்று" என்பது

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் மின்னல் அதிகம். மரத்தடி ஒதுங்குமிடமல்ல. கூரையுள்ள கட்டடத்துக்குப் போங்கள்.

மெக்ரிட்சிக்குள் சைக்கிள்

நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காட்டுப்பாதை நடப்பவர்களுக்கு மட்டும். பிடிபட்டால் அபராதம்.

எம்ஆர்டி ரயிலில் ஏற்றலாம் என்று நம்பி வருவது

மடிக்கும் சைக்கிளுக்குத்தான் அனுமதி, அதுவும் மடித்தால் 120 க்கு 70 க்கு 40 சென்டிமீட்டருக்குள். முன்சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டாலும் மலைச் சைக்கிள் மடிக்கும் சைக்கிள் ஆகாது.

இருக்கைக் கம்பியை மறப்பது

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பியை உருவி, பழைய அழுக்கைத் துடைத்து, அலுமினியச் சட்டம் என்றால் மெல்லிய கிரீஸ், கார்பன் என்றால் அதற்குரிய பசை தடவிச் செருகுங்கள். விட்டுவிட்டால் நம் ஈரப்பதத்தில் கம்பியும் சட்டமும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, ஒரு நாள் கடைக்காரர் அதை வாளால் அறுத்துத்தான் எடுப்பார்.