மீனைப் பார்க்கும் முன் தாளின் முதுகைப் பாருங்கள்

கையால் வண்ணம் தீட்டிய பழைய மீன் படம் எதுவானாலும் 'மரச்செதுக்கு' (மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம்) என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அதை அப்படியே நம்புவதுதான் முதல் தவறு. கான்ராட் கெஸ்னர் (சூரிச், 1558), பியர் பெலோன் (பாரிஸ், 1553), கியோம் ரோந்தெலே (லியோன், 1554–55) ஆகியோரின் மீன் நூல்களில் இருப்பவை மரச்செதுக்குகள். ஆனால் அதே பத்தாண்டில் ரோமில் வெளிவந்த சால்வியானியின் நூல் செப்புத்தகட்டில் செதுக்கியது. மீனியல் அறிஞர் மார்கஸ் பிளாக் 1782 முதல் 1795 வரை பெர்லினில் வெளியிட்ட 432 வண்ணப் படங்களும் செப்புத்தகடுதான். தரங்கம்பாடியிலிருந்து மிஷனரி ஜான் அனுப்பிய மீன்களும் அவற்றில் இருப்பதால் நம்மவர்களுக்கு அவற்றின்மேல் தனி ஆசை. வாங்கலாம், மரச்செதுக்கு என்று நினைத்து வாங்க வேண்டாம்.

செப்புத்தகட்டை ஈரத்தாளோடு உருளையில் அழுத்துவார்கள். அதனால் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பள்ளமாகப் பதியும். மரக்கட்டையில் மை ஏந்துவது செதுக்காமல் விட்ட மேட்டுக் கோடு. அச்சு எழுத்தும் அப்படித்தான். எனவே இரண்டையும் ஒரே சட்டத்தில் பூட்டி அடித்தார்கள். தகட்டுப் பள்ளம் இல்லாமல், படத்தைச் சுற்றியும் தாளின் பின்புறமும் எழுத்து இருந்தால் நல்ல அறிகுறி. 10 மடங்கு லென்ஸில் கோட்டின் ஓரத்தில் மை பிதுங்கித் தெரியும். கோடே புள்ளிகளாகச் சிதறினால் அது நவீன நகல்.

படத்தை மட்டும் பார்த்து ஆண்டைக் குறிப்பது அடுத்த தவறு. கெஸ்னரின் அதே கட்டைகள் 1558 லத்தீன் பதிப்பிலும், 1560 பெயர்த்தொகுப்பிலும், 1563 ஜெர்மன் பதிப்பிலும் உழைத்திருக்கின்றன. எந்தப் பதிப்பு என்பதைச் சொல்வது எழுத்துதான்: ரோமன் எழுத்தில் லத்தீனா, கோதிக் எழுத்தில் ஜெர்மனா? பக்க எண், மேல்தலைப்பு எல்லாம் ஓரத்தில்தான் இருக்கும். சட்டத்துக்குப் பொருந்த ஓரத்தை நறுக்கியவர் தாளின் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்தே நறுக்கிவிட்டார். பிறர் படத்தைப் பார்த்து வெட்டிய கட்டை அதை இடம்வலமாகத் திருப்பி அச்சிடும் என்பதையும் மறக்க வேண்டாம். நாக்கு மீன் போன்ற தட்டை மீன்களில் கண் எதிர்ப்பக்கம் போய்விடும். வேறு இனம் என்று ஏமாறாதீர்கள்.

அதிகம் ஏமாற்றுவது வண்ணம்தான். பல பிரதிகள் கறுப்பு வெள்ளையாகவே விற்கப்பட்டன. இன்று வண்ணத்துக்கு விலை கூடுதல் என்பதால் பழைய தாளில் புதுச்சாயம் ஏறுகிறது. இங்கும் முதுகைப் பாருங்கள். செம்புக் களிம்பில் செய்த பழைய பச்சை, காலப்போக்கில் தாளை அரித்து, பின்புறத்தில் அதே வடிவத்தில் பழுப்புக் கறையாக இறங்கியிருக்கும். எல்லாப் பச்சையும் களிம்பு அல்ல. கறை இல்லை என்பதால் மட்டும் புதுசு என்று தீர்ப்பளிக்க முடியாது. ஆனால் பூச்சி அரித்த துளையின் உள்விளிம்பில் சாயம் ஊறியிருந்தாலோ, ஒட்டுப்போட்ட இடத்தின் மேலே தூரிகை ஓடியிருந்தாலோ அது புதுச்சாயம்தான், சந்தேகமே வேண்டாம். தாளைக் கழுவியபின் பூசினால், மை ஊறாமலிருக்கத் தாளுக்குப் போட்ட ஜெலட்டின் பூச்சு கரைந்துபோன இடத்தில் சாயம் மையொற்றும் தாளில் பரவுவதுபோல் பரவும்.

கழுவுவது, ப்ளீச் போடுவது இரண்டும் வீட்டில் கூடவே கூடாது. ஈரம் பட்டால் களிம்பிலுள்ள செம்பு நகர்ந்து அரிப்பைப் பரப்பும். செல்லோடேப்பின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். அட்டையில் முழுவதுமாக ஒட்டினால் பின்புற எழுத்தே போயிற்று. மேல் ஓரத்தில் இரண்டே இடத்தில், ஜப்பானியத் தாள் கீற்றைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டித் தொங்கவிடுங்கள். அமிலமற்ற அட்டையில் சன்னல் வெட்டி, கண்ணாடி தாளைத் தொடாமல் வையுங்கள். ஒளி 50 லக்ஸுக்குள், ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். 65ஐத் தாண்டினால் பூஞ்சை வரும், ராமபாணப் பூச்சிக்கும் கொண்டாட்டம். சட்டமிடும் முன் பின்பக்கத்தைப் படமெடுத்து, அந்த நகலைச் சட்டத்தின் பின்பலகையில் ஒட்டி வையுங்கள்.