முதல் முறை பாரிஸ் போகிறீர்களா? ஒரு நாளைக்கு ஒரு முன்பதிவு போதும்

பாரிஸ் போக முடிவானதும் எல்லோரும் முதலில் ஒரு பட்டியல் போடுவார்கள். ஈஃபில் கோபுரம், லூவ்ர், நோத்ர் தாம், வெர்சாய் என்று இருபது இடங்கள் சேர்ந்துவிடும். அம்மாவை முதல் முறை அழைத்துப் போனபோது நானும் அப்படித்தான் ஐந்து நாட்களுக்குள் எல்லாவற்றையும் அடைத்தேன். மூன்றாம் நாள் மதியம் லக்சம்பர்க் பூங்காவில் ஒரு பச்சை இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தவர், "நீ போய்ப் பார்த்துட்டு வா, நான் இங்கேயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். நானும் போகவில்லை. குளத்தில் பிள்ளைகள் பொம்மைப் படகு விடுவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தோம். அம்மா இன்றும் பாரிஸைப் பற்றிப் பேசினால் அந்த நாற்காலியில்தான் தொடங்குவார்.

அதற்குப் பிறகு நான் திட்டமிடும் முறையே மாறிவிட்டது. ஒரு நாளைக்கு முன்பதிவு செய்த இடம் ஒன்றே ஒன்று. மீதி நேரமெல்லாம் அதைச் சுற்றி நடந்து பார்க்க. அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாட்கள். ஆனால் கடைசி நேரம் வரை வைக்காதீர்கள். கோடைக்காலத்தில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம். இரண்டு மூன்று மாதம் முன்பே முடித்துவிடுவது நிம்மதி.

கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்களாவது வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கான விசா கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ; மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால், எங்கே அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

விசா கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்து எடுங்கள்.

படி 2: எந்த மாதம், எந்தக் கிழமை

ஏப்ரல் முதல் ஜூன் வரை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். என் கணக்கில் இவைதான் நல்ல மாதங்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும்; டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஆகஸ்டில் பாரிஸ்காரர்களே விடுமுறைக்குப் போய்விடுவதால் சின்னச் சின்னக் கடைகள் பல பூட்டிக் கிடக்கும்.

மாதத்தைவிடக் கிழமை முக்கியம். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. ஓவியர் மொனேயின் அல்லி ஓவியங்கள் இருக்கும் ஒராஞ்சரி அருங்காட்சியகத்துக்கும் செவ்வாய்தான் விடுமுறை. நவீனக் கலை அருங்காட்சியகம் இருக்கும் பொம்பிதூ மையம் புதுப்பிப்புப் பணிக்காக 2025-இல் மூடப்பட்டது. 2030 வரை அதை மறந்துவிடுங்கள். ஒரு தாளில் ஏழு கிழமைகளையும் எழுதி, மூடியிருக்கும் இடங்களை முதலில் அடித்துவிடுங்கள். பாதித் திட்டம் தானாகவே அமைந்துவிடும்.

படி 3: வரைபடத்தை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்வது

செய்ன் நதி நகரத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வடக்கே வலது கரை, தெற்கே இடது கரை, நடுவில் சித்தே தீவு. நகரத்துக்கு 20 வட்டாரங்கள். லூவ்ர் பக்கம் ஒன்றில் தொடங்கி, நத்தை ஓடு சுருள்வதுபோல வெளியே சுற்றிக்கொண்டு போகும். அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு எண்களே வட்டார எண். 75005 என்றால் ஐந்தாம் வட்டாரம். அறை தேடும்போது இது ரொம்ப உதவும். "மையத்தில் இருக்கிறது" என்று விளம்பரம் என்ன சொன்னாலும், எண் சிறியதாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

அறை இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பழைய கட்டடங்களில் ஐந்தாவது மாடி வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வளைபடி ஏற வேண்டியிருக்கும்.

படி 4: ஒரு நாளை உருவாக்குவது

மாதிரிக்கு முதல் நாளை எடுத்துக்கொள்வோம். முன்பதிவு: சித்தே தீவில் இருக்கும் சான்த் ஷப்பல், காலை முதல் நேரம்.

ஒன்பதாம் லூயி மன்னர், இயேசுவின் முள்முடி என்று நம்பப்பட்டதை வைப்பதற்காக இந்தத் தேவாலயத்தைக் கட்டினார். 1248-இல் திறப்பு. நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் வாசலில் பைகளைச் சோதிப்பார்கள். அரை மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். உள்ளே நுழைந்ததும் இருப்பது தாழ்ந்த கூரையுடைய கீழ்த்தளம். இவ்வளவுதானா என்று தோன்றும். மூலையில் இருக்கும் குறுகிய சுழல்படியில் ஏறுங்கள். மேலே தலையை நீட்டும் கணத்தில் சுவரே காணாமல் போய்விடும். ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்தில் 15 வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள், அவற்றில் 1,113 காட்சிகள். காலை வெயில் பட்டதும் நீலமும் சிவப்பும் தரையில் இறங்கி, எதிரே நிற்பவரின் சட்டையிலும் முகத்திலும் ஊர்ந்துகொண்டிருக்கும். உடனே படம் எடுக்க வேண்டாம். ஓரத்தில் உட்கார இடம் இருக்கிறது, பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அதற்காகத்தான் அந்த நாளில் வேறு முன்பதிவு வைக்கவில்லை.

அங்கிருந்து நோத்ர் தாம் ஐந்து நிமிட நடை. 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பிடித்த அதே தேவாலயம். 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். நுழைவு இலவசம். தீயிலிருந்து காப்பாற்றப்பட்ட அந்த முள்முடி இப்போது இங்கேதான் இருக்கிறது. பிறகு பாலத்தைத் தாண்டி இடது கரைக்கு வந்தால் பழைய பல்கலைக்கழகப் பகுதியான லத்தீன் குவார்ட்டர், பிரான்ஸின் பெரிய மனிதர்களை அடக்கம் செய்திருக்கும் பாந்தியோன், கடைசியில் லக்சம்பர்க் பூங்கா. எல்லாம் நடக்கிற தூரம். கால் வலித்தால் எங்கே உட்காரலாம் என்று உங்களுக்கே இப்போது தெரியும்.

இதே முறையில் மற்ற நாட்களையும் போடுங்கள். ஒரு நாள் லூவ்ர், அதை ஒட்டி துய்லரி தோட்டம். லூவ்ரில் மட்டும் சுமார் 35,000 பொருட்கள் காட்சிக்கு இருக்கின்றன. மூன்று மணி நேரத்துக்கு மேல் கண் எதையும் வாங்காது. இரண்டு பகுதிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். இன்னொரு நாள் ஓர்சே. ஒரு நாள் வெர்சாய்க்கு.

ஈஃபில் கோபுரத்துக்கு லிஃப்ட் சீட்டு இணையத்தில் 60 நாட்களுக்கு முன்பு திறக்கும். தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்து அன்றே வாங்குங்கள். கிடைக்காவிட்டாலும் வருத்தப்பட வேண்டாம். இரண்டாம் தளம் வரை 674 படிகள் ஏறியும் போகலாம். எனக்குக் கோபுரம் மிக அழகாகத் தெரிந்தது மெட்ரோவிலிருந்துதான். ஆறாம் தடத்தில் பீர் அகேம் நிலையத்தில் எத்துவால் திசை வண்டியில் ஏறி வலது பக்க ஜன்னலோரம் நில்லுங்கள். வண்டி ஆற்றின் மேல் போகும்போது கோபுரம் முழுதாக வந்து நிற்கும்.

படி 5: போக்குவரத்து

ஷார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். பி ரயில் நேராக நகரத்துக்குள் வரும். 2025-இல் விமான நிலையச் சீட்டு 13 யூரோ, நகருக்குள் மெட்ரோ சீட்டு 2.50 யூரோ. நிறையப் பெட்டிகளும் வயதானவர்களும் இருந்தால் அதிகாரபூர்வ டாக்சி எடுங்கள். கட்டணம் நிலையானது: அதே ஆண்டில் வலது கரைக்கு 56, இடது கரைக்கு 65 யூரோ. முனையத்துக்குள்ளேயே வந்து "டாக்சி வேணுமா" என்று கூப்பிடுபவர்களோடு போகாதீர்கள். வெளியே இருக்கும் வரிசையில் நில்லுங்கள்.

நகருக்குள் நவிகோ ஈசி என்ற பயண அட்டையை 2 யூரோவுக்கு வாங்கி அதில் சீட்டு ஏற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒன்று வேண்டும். வாரச் சீட்டு திங்கள் முதல் ஞாயிறு வரைதான் கணக்கு. வியாழக்கிழமை இறங்குபவர்களுக்கு அது லாபமில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மெட்ரோ படிகள் பெரிய தொல்லை. பேருந்தில் போகச் சொல்லுங்கள். 69-ஆம் எண் பேருந்து ஈஃபில் கோபுரப் பக்கத்திலிருந்து லூவ்ர், பஸ்தீ வழியாகப் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்தே பாதி ஊரைப் பார்த்துவிடலாம்.

படி 6: சாப்பாடு, தண்ணீர், "போன்ஜூர்"

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் வார்த்தை "போன்ஜூர்". கேட்க வந்ததை அப்புறம் கேளுங்கள். வணக்கம் சொல்லாமல் நேராக விலை கேட்டால் அங்கே அது மரியாதைக்குறைவு. சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவரின் முகம் மாறுவது தெரியும்.

உணவகத்தில் "ஊன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை ஒரு குடுவையில் இலவசமாகத் தருவார்கள். தெருவில், நான்கு பெண் சிலைகள் கூரையைத் தாங்கும் கரும்பச்சை இரும்பு நீரூற்றுகளைப் பார்ப்பீர்கள். ரிச்சர்ட் வாலஸ் என்பவர் 1872-இல் நகரத்துக்குக் கொடுத்தவை. கோடையில் புட்டியை அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம்.

நான்காம் நாள் வாக்கில் சோற்றுக்கு நாக்கு ஏங்கும். அன்று மோன்மார்த்ர் குன்றுக்கு நேரம் ஒதுக்குங்கள். குன்றிலிருந்து இறங்கி ஆன்வேர் நிலையத்தில் இரண்டாம் தடத்தைப் பிடித்தால் இரண்டாவது நிறுத்தம் லாச்சப்பல். ஈழத் தமிழர்கள் கடை கடையாக உருவாக்கிய தெரு அது. பெயர்ப்பலகையெல்லாம் தமிழில் இருக்கும். கொத்து ரொட்டி தட்டும் சத்தம் நிலையப் படியிறங்கும்போதே கேட்டாலும் கேட்கும். ஆகஸ்ட் கடைசியில் போகிறவர்கள் அங்கே மாணிக்கப் பிள்ளையார் தேர் எந்த ஞாயிறு என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று அந்தத் தெருவெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். அந்த நாளுக்கு வேறு முன்பதிவு எதுவும் வைக்க வேண்டாம்.