புயல் ஒதுக்கிய பறவையைப் பார்க்க எண்ணூருக்குப் போகிறீர்களா?

வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் போதும், பைனாகுலர் வைத்திருப்பவர்களுக்குக் கை பரபரக்கும். நடுக்கடலில் வாழும் பறவைகளைக் காற்று கரைக்குத் தள்ளிக்கொண்டு வருமே! அதற்காகப் புயல் அடிக்கும்போதே கிளம்பிவிடாதீர்கள். துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில் பைனாகுலர் கையில் நிற்காது, ஆபத்து வேறு. காற்று ஓய்ந்த மறுநாள் காலை போங்கள். குடை வேண்டாம், ரெயின்கோட் போதும்.

மழைதான் விட்டுவிட்டதே என்று கழிமுகச் சேற்றில் இறங்குவது அடுத்த தவறு. பூண்டி ஏரியில் திறக்கும் உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் ஓடி இங்கேதான் கடல் சேர்கிறது. புழல் ஏரியின் உபரி நீரும் அப்படித்தான். அதனால் எண்ணூரில் வெயில் அடித்தாலும் தண்ணீர் ஏறும். ஒருமுறை, சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைக் கூட்டத்தை எண்ணிக்கொண்டு நின்றேன். இடுப்பளவு தண்ணீரில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த பெரியவர், "தம்பி, குருவிய அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல மேல ஏறு" என்றார். திரும்பினால், நான் வந்த தடத்தையே காணோம். அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்கள் இன்னும் மோசம், பார்க்க இறுகிய தரை போலிருக்கும், கால் வைத்தால் உள்ளே போகும். சேறு மூழ்கிவிட்டால் உள்ளானுக்கும் அங்கே இரை கிடையாது. பக்கத்து மேடுகளில் ஒதுங்கியிருக்கும், அங்கே தேடுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கும் தவறு, அவசரப்பட்டுப் பெயர் வைப்பது. நனைந்த இறகு கருத்துத் தெரியும். நான் அபூர்வம் என்று கூவி நண்பர்களை ஓடிவர வைத்த பறவை ஒன்று, சிறகை உதறிக் காய்ந்ததும் சாதாரண மீசை ஆலாவாக (ஆலா என்றால் ஆங்கிலத்தில் டெர்ன்) வெளுத்துப் போனது. புயலோடு வரும் கடல் ஆலாக்களில் சூட்டி டெர்ன், பிரைடில்டு டெர்ன் இரண்டையும்தான் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவதற்கு முதுகு கருப்பு, இரண்டாவதற்குச் சாம்பல் கலந்த பழுப்பு. மூட்டத்தில் இரண்டுமே கருப்பாகத்தான் தெரியும். எனவே முதுகை விடுங்கள், நெற்றியைப் பாருங்கள். வளர்ந்த சூட்டியின் வெள்ளை நெற்றி கண்ணோடு நின்றுவிடும். பிரைடில்டுக்கு அது மெல்லிய புருவம்போலக் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். அது தெரியவில்லையா, குறிப்பேட்டில் வெறும் 'ஆலா' என்று எழுதுங்கள். அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

அப்புறம், மணலில் உட்கார்ந்திருக்கும் கடற்பறவை ஆள் பழகியதால் அசையாமல் இருப்பதில்லை, பறக்கத் தெம்பில்லை. செல்போன் படத்துக்காக நெருங்கி அதை எழுப்பாதீர்கள். நல்லது செய்வதாக நினைத்துக் கடலில் தூக்கி எறிபவர்களும் உண்டு, அதுவும் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கூழைக்கடாக்கள் மேலெல்லாம் எண்ணெய் படிந்து நின்றன. அப்படி ஒன்றைக் கண்டால் நீங்களே சோப்புப் போட்டுக் கழுவ இறங்காமல், தள்ளி நின்று வனத்துறைக்குச் சொல்லுங்கள்.