விடியலில் நேரமில்லையா? ராட்சதப் பூசணிப் பூவைத் தொடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவிலும் அமெரிக்காவிலும் ராட்சதப் பூசணி வளர்ப்பவர்களுக்கு ஜூன் கடைசியும் ஜூலை முதல் வாரமும்தான் பரீட்சைக் காலம். அக்டோபரில் எடைப் போட்டி. அதற்குள் காய் பருக்க மூன்று மாதமாவது வேண்டும். நோவா ஸ்கோஷியாவின் ஹோவர்ட் டில் உருவாக்கிய அட்லாண்டிக் ஜெயண்ட் ரகம்தான் இன்று போட்டிக்கு வரும் பெரிய காய்களுக்கெல்லாம் மூலம். 2025இல் இங்கிலாந்தின் பேட்டன் சகோதரர்கள் வளர்த்த காய் 1,278 கிலோவைத் தாண்டியது. அவ்வளவு பெரிய காயும் ஒரே ஒரு காலைப் பொழுதில் மலர்ந்த பூவிலிருந்து வந்ததுதான்.

சிக்கலும் அங்கேதான். பெண் பூ விடியற்காலையில் விரியும். வெயில் ஏறி பத்து, பதினொரு மணியானால் மூடிக்கொள்ளும். மறுநாள் திறக்காது. அதற்குள் ஆண் பூவின் மகரந்தத்தை அதன் நடுவில் கையால் தடவிவிட வேண்டும். பூவைத் தொடுவது என்பது இதைத்தான். ஐந்தரை மணிக்கு ஷிஃப்ட்டுக்குக் கிளம்புகிறவர் என்ன செய்வது?

முதல் தவறு, இதைக் காலை வேலை என்று நினைப்பது. முக்கால்வாசி வேலை முந்தின நாள் சாயங்காலமே முடிந்துவிட வேண்டும். நாளைக்கு விரியப்போகும் மொட்டு இன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும். அதுவரை பச்சையாக இருந்த நுனி மஞ்சளாகி, லேசாக ஆரஞ்சு தட்டி, இதழ்கள் தளர்ந்து உப்பியிருக்கும். பெண் மொட்டுக்கு அடியில் உருண்டையாகப் பிஞ்சு இருக்கும். ஆண் மொட்டுக்கு மெல்லிய நீளக் காம்பு மட்டும்தான். நுனி மஞ்சளான ஆண் மொட்டுகள் மூன்று நான்கைக் காம்போடு வெட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். காலையில் அடுப்படி மேடையிலேயே விரிந்திருக்கும். தோட்டத்தில் விட்டால் நீங்கள் எழுவதற்குள் தேனீக்கள் மகரந்தத்தை அள்ளிக்கொண்டு போயிருக்கும். பெண் மொட்டின் நுனியை நூலால் தளர்வாகக் கட்டலாம், அல்லது மெல்லிய துணிப்பை மாட்டலாம். பிளாஸ்டிக் கவர் மட்டும் வேண்டாம். உள்ளே வியர்த்து மகரந்தம் நனைந்துவிடும்.

இவ்வளவும் செய்திருந்தால் காலையில் ஐந்தே நிமிஷம். ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுத்தண்டை விரலால் தொட்டுப் பாருங்கள். மஞ்சள் தூள் ஒட்டினால் தயார். பெண் பூவின் நடுவில் சூல்முடி நாலைந்து மடல்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு மடலிலும் மெதுவாகத் தடவ வேண்டும், தேய்க்கக் கூடாது. அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் தடவிவிட்டு ஓடினால் காய் கோணலாகப் பருக்கும், அல்லது பிஞ்சிலேயே உதிரும். இரண்டு மூன்று ஆண் பூக்களைப் பயன்படுத்துங்கள், கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

'காலையில்தானே கஷ்டம், ராத்திரியே முடித்துவிடலாமே' என்று பத்து மணிக்கு மொட்டைப் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் மகரந்தப்பை பெரும்பாலும் வெடித்திருக்காது. தூளே இல்லாத தண்டை வைத்துத் தேய்த்தால் சூல்முடி நசுங்குவதுதான் மிச்சம். ஆனால் விடிவதற்கு முன்பு, பூ பாதி அவிழ்ந்திருக்கும்போது, விரலில் தூள் ஒட்டுகிறதென்றால் தாராளமாகத் தொடங்கலாம். செல்போன் டார்ச் போதும். ஐந்தரை மணிக்காரருக்கு இதுதான் வழி.

இதற்கு நேர்மாறான தவறு, வேலை முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது. ஊரில் சுரையும் பீர்க்கும் போட்டுப் பழகியவர்களுக்கு இது இயல்பாக வரும், அவை சாயங்காலம் பூப்பவை அல்லவா! பூசணி அப்படியில்லை. மாலையில் வாடிச் சுருண்ட பூவைப் பிரித்துத் தடவுவது வீண் வேலை.

சரி, அன்றைக்கு வழியே இல்லை என்றால்? தேனீயிடம் விட்டுவிடுங்கள். இதைச் சொன்னால் போட்டிக்கு வளர்ப்பவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் பையும் நூலும் முக்கியமாக விதைக்காகத்தான், எந்தக் கொடியின் மகரந்தம் எந்தக் காய்க்குப் போனது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. வேறு பூசணியின் மகரந்தம் விழுந்தாலும் இந்த வருஷக் காயின் வடிவமோ நிறமோ மாறாது. கலப்பு தெரிவது விதையைப் போட்டு முளைக்கும் அடுத்த தலைமுறையில்தான். பக்கத்துப் பாத்தி சுக்கினியை நினைத்துப் பயப்படவும் வேண்டாம், அது வேறு இனம், அவ்வளவு எளிதில் கலக்காது. விதை சேர்க்கும் எண்ணம் இல்லாதவர் கட்டியிருந்த நூலை அவிழ்த்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போகலாம். கட்டியபடியே மறந்துவிட்டுப் போனால்தான் மோசம், தேனீயும் நுழைய முடியாது.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பகல் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஒழுங்காகத் தொட்ட பிஞ்சுகூட நிற்காமல் போகலாம். பூவுக்கு மேல் ஒரு குடையைச் சாய்த்து, பக்கத்தில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில்கள் இரண்டை வைப்பது அங்கே பலர் செய்வது. மழைக்கும் அதே குடைதான்.

அப்புறம், வசதிக்காக அடிக்கொடியிலேயே முதலில் வரும் பெண் பூவைப் பிடித்துக்கொள்வது. தொடுவதற்குச் சுலபம், ஆனால் அந்தக் கட்டத்தில் கொடியில் பெரிய காயைத் தாங்கும் அளவுக்கு இலை இருக்காது. முதன்மைக் கொடியில் வேரிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி வரும் பூவுக்குக் காத்திருப்பது நல்லது. அதற்காக ஜூலை பாதிவரை காத்திருந்தால் காய் பருக்க நாள் போதாது.

ஒரே பூவை நம்பி உட்காருவதும் ஆபத்து. கிடைக்கிற இரண்டு மூன்று பூக்களைத் தொட்டுவிட்டு, ஒவ்வொன்றின் காம்பிலும் தேதி எழுதிய அட்டையைக் கட்டுங்கள். மகரந்தம் சேராத பிஞ்சு ஒரு வாரத்துக்குள் மஞ்சளாகிச் சுருங்கிவிடும். சேர்ந்தவை பளபளப்பாக உப்பிக்கொண்டே வரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை டேப்பால் சுற்றளவு எடுத்துக் குறித்து வாருங்கள். கூடைப்பந்து அளவு வந்ததும் எது வேகமாகப் பருக்கிறது, எதன் காம்பு கொடியில் இடிக்காமல் விலகி நிற்கிறது என்று பார்த்து அதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடலாம்.